வேலையில்லாத வருஷமும் எதிர்வீட்டு மேடமும்

என்னை வேலையிலிருந்து நீக்கிய கூட்டம் பதினோரு நிமிஷம்தான் நடந்தது. கழக்கூட்டம் ஐ.டி. பார்க் அலுவலகத்தில் பதினாறு வருஷமாக உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து அதைத் திரையில் பார்த்தேன். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வதை எழுத்தாக்கித் தரும் நிறுவனம் அது. எழுதியதில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. இனிமேல் அதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று, நாங்கள் யாரும் நேரில் பார்த்திராத ஒருவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். கொச்சிக் கிளையிலிருந்த ஒரு பெண் தன் மைக் அணைந்திருப்பது தெரியாமல் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவள் என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது நாற்பத்திநாலு வயது.

ஆண்பிள்ளைக்கு வேலை போனால் வீடே கவலையில் விழும். எனக்குப் போனபோது எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்த மாதிரி இருந்தது. "நல்லதாப் போச்சு கேட்டியா, ஓடினதெல்லாம் போதும்" என்றாள் நாகர்கோவிலில் இருக்கும் அக்கா. கோயம்புத்தூரில் படிக்கும் மகன், "இனி நான் லீவுக்கு வந்தா நீ வீட்டுலயே இருப்பே, அல்லேம்மா?" என்று சந்தோஷமாகக் கேட்டான். கணவருக்குத் தம்பானூரில் ரயில்வே அலுவலகத்தில் வேலை. "உடனே தேடி அலைய வேண்டாம், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு" என்றார். யாரும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உனக்கு ஒன்று போய்விட்டதே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. போனது எனக்கு மட்டும் தெரிந்தது.

முதல் மாதம் பழக்கத்தில் ஐந்தரைக்கே எழுந்தேன். ஏழு நாற்பதுக்கு எங்கள் கரமனை ஃப்ளாட்டின் பால்கனியில் நின்றால் கீழே கம்பெனி பஸ் போவது தெரியும். நான் வழக்கமாக உட்காரும் ஜன்னல் ஓரத்தில் இப்போது வேறு யாரோ. ஒன்பது மணிக்குக் கணவர் கிளம்பியதும் கதவைச் சாத்துவேன். அந்தத் தாழ்ப்பாள் சத்தத்துக்குப் பிறகு மாலை ஆறு வரை என்ன செய்வது என்று தெரியாது. சமையல் பத்து மணிக்கு முடிந்துவிடும். அலமாரிகளை மூன்று முறை அடுக்கினேன். விண்ணப்பம் அனுப்புவேன், பதில் வந்ததா என்று பார்ப்பேன், மறுபடி பார்ப்பேன். இரண்டு படுக்கையறை வீடு நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. மூச்சு முட்டினால் பால்கனிக்கு வருவேன். அங்கே நின்றால் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் தெரிவார்கள். மறுபடி உள்ளே போய்விடுவேன்.

எங்கள் மாடியில் வேலை இல்லாமல் வீட்டில் இருப்பவள் நான் ஒருத்திதான் என்பது எல்லாருக்கும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. மூன்று வீட்டுச் சாவி எங்கள் சுவர் ஆணியில் தொங்க ஆரம்பித்தது. யாருக்கோ கேஸ் வரும், யாருக்கோ பிளம்பர் வருவான், கூரியர் வரும். "நீங்க வீட்டுல சும்மாதானே இருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே சாவியைத் தருவார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்குவேன். இண்டர்வியூவுக்குப் போனால், இத்தனை வருஷ அனுபவத்துக்கு ஏற்ற இடம் எங்களிடம் இல்லை என்பார்கள். சிலர் வயதைக் கேட்டுவிட்டு, கூப்பிடுகிறோம் என்பார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி கிழக்கேகோட்டை போய், பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பேன். தடையெல்லாம் நீக்குகிறவர் அவர். ஒவ்வொரு வெள்ளியும் அந்த வாரம் எந்தக் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறேனோ அதன் பேரை மனசுக்குள் சொல்லித் தேங்காயை ஓங்கி எறிவேன். திரும்பி வரும்போது ஃபோனைப் பார்த்துக்கொண்டே வருவேன். பக்தி என்று அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி ஐந்து மாதம் போன பிறகுதான் எதிர்வீட்டு சார் வந்து மணி அடித்தார்.

சார் மின்வாரியத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயது. மலையாளிதான், ஆனால் தமிழ் பேசும் எல்லைப் பக்கம் பல வருஷம் வேலை பார்த்ததால் எங்களோடு மலையாளம் கலந்த தமிழில்தான் பேசுவார். அவருடைய மனைவி தலைமைச் செயலகத்தில் அண்டர் செக்ரட்டரியாக இருந்தவர். ஃப்ளாட்டில் எல்லாரும் மேடம் என்பார்கள். ஒரே மகள் அயர்லாந்தில். மேடத்துக்கு நான்கு வருஷமாக ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் ஒருமுறை நைட்டியோடு கீழே இறங்கிப் பஸ் ஸ்டாப் வரை போய்விட்டார். அதற்குப் பிறகு சார் வாசலில் இரும்பு கிரில் போட்டு உள்பக்கமாகப் பூட்டி வைத்திருந்தார். ஹோம்நர்ஸ் மூன்று பேர் வந்து மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். கடைசியாக வந்தவளை மேடம் கடித்துவிட்டாராம்.

"மோளே, செவ்வாய்க்கிழமை காலையில ஒரு மணிக்கூர் உனக்கு ஒழிவு உண்டா?" என்றார் சார். "எனக்குக் கண்ணைக் காட்டணும். இவளை விட்டுட்டுப் போக முடியாம மூணு மாசமாத் தள்ளிட்டு இருக்கேன். வலது கண்ணுல இப்போ ஒண்ணும் சரியாத் தெரியல்ல."

இன்னொரு சாவி, என்று நினைத்தேன். முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் என்னை உள்ளே விட்டு, கிரில்லைப் பூட்டி, கம்பி வழியாகச் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். மேடம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பழைய செய்தித்தாள் கட்டு. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, ஓரத்தில் பேனாவால் சுருக்கொப்பம் போட்டு, தேதி எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளை முடியை யாரோ கோணலாகப் பின்னி விட்டிருந்தார்கள். சாராகத்தான் இருக்கும். என்னை நிமிர்ந்து பார்த்து, நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"எந்தா ஜோலி?" என்றார். என்ன வேலை பார்க்கிறாய் என்று.

ஐந்து மாதமாக யாரும் என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டாம் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள். "ஸ்கூல் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. மேடம் தலையாட்டினார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி, "எந்தா ஜோலி?" இந்த முறை பேங்க் என்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் நர்ஸ், வக்கீல், போஸ்ட் ஆபீஸ் எல்லாம் ஆனேன். கடைசி முறை அலுத்துப்போய், "ஜோலி இல்ல மேடம். போயிடுச்சு. தேடிட்டு இருக்கேன்" என்றேன்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். பல வருஷம் பழகிய அதிகாரக் குரலில், "அபேக்ஷ தந்நோ?" என்று கேட்டார். விண்ணப்பம் கொடுத்தாயா என்று.

"கொடுத்தேன்."

"நோக்காம்" என்றார். பார்க்கலாம். என் பக்கம் கையை ஆட்டி, போய் வா என்று காட்டினார். நான் சிரித்தேன். வேலை போன பிறகு முதல்முதலாகச் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதை வைத்து அந்த வீட்டுக்குப் போவது எனக்குப் பிடித்துவிட்டது என்று எழுதினால் அது பொய். செவ்வாய் ஒன்று, பிறகு செவ்வாயும் வியாழனும், பிறகு சார் மருந்து வாங்கப் போனால், மீன் வாங்கப் போனால் என்று ஆனது. பதினொரு மணி ஆனதும் மேடத்துக்கு ஒரு பதற்றம் வரும். எழுந்து போய்க் கிரில்லைப் பிடித்துக்கொள்வார். "வீட்டில் போணம்." வீட்டுக்குப் போகணும். இதுதான் மேடம் உங்கள் வீடு என்றால் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார். கம்பியை ஆட்டுவார். அந்தச் சத்தம் நாலு மாடிக்கும் கேட்கும். சாவி என் புடவை முந்தானையில் முடிந்திருக்கும். உள்ளே பூட்டிக்கிடப்பது அவர் மட்டுமில்லை, நானும்தான். என் வீட்டிலாவது தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வெளியே வரலாம். ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு, அதுவும் எதிர்வாசலுக்கு மாற்றிவிட்டார்களே என்று மனசு கசக்கும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வெறுமனே படுத்துக்கிடப்பேன்.

இந்த நிலையில்தான் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு சுற்று முடிந்து மூன்றாவது சுற்று, வீடியோ காலில், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு. அதே வியாழக்கிழமை சாருக்குக் கண் ஆபரேஷன். பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் அவரைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. நான் மேடத்தோடு இருப்பதாக வாக்குக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிடுவார். கம்பெனியிடமும் நேரம் மாற்றிக் கேட்கவில்லை. கேட்டால் ஆர்வமில்லாதவள் என்று நினைத்துவிடுவார்கள்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். பத்தே முக்காலுக்கு மேடம் படுக்கையில் கண்ணயர்ந்திருந்தார். நான் அந்த அறைக் கதவை மெதுவாகச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டேன். ஒரு எச்சரிக்கைக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹாலில் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, ஹெட்ஃபோனை மாட்டினேன்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, ஒரு ஆபீஸர் அறைக்குள் வர அனுமதி கேட்கிற மாதிரி. பிறகு உள்ளங்கையால். திரையில் இருந்த மூன்று பேரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். நெருக்கடியில் நிதானமாக நடந்துகொண்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டார். நான் சிரித்த முகத்தோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். ஹெட்ஃபோனைத் தாண்டி மேடத்தின் குரல் வந்தது. "ஆரெங்கிலும் உண்டோ? அவிடே ஆரெங்கிலும் உண்டோ?" யாராவது இருக்கிறீர்களா என்று. அவர்கள் பேசும்போதெல்லாம் நான் மைக்கை அணைத்தேன். என் முறை வரும்போது திறந்தேன். ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. எழுந்து நாலடி வைத்தால் கதவு.

நாற்பது நிமிஷம். கடைசிப் பத்து நிமிஷம் சத்தமே இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

கதவைத் திறந்தபோது மேடம் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நைட்டி நனைந்திருந்தது. உள்ளங்கை இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஞான் எந்து தெற்றாணு செய்தது?" என்று கேட்டார். நான் என்ன தப்பு செய்தேன்.

அந்தக் கேள்வியை நான் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலையை எடுத்தவர்களிடம், பதில் போடாதவர்களிடம், வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையாரிடம். யாரும் பதில் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம் இருந்தது. இப்போது ஒருவர் என்னிடம் கேட்கிறார். அவரைப் பூட்டியது நான். பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்.

"நீங்க ஒண்ணும் செய்யல்ல மேடம். தப்பு என்னுது" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. கக்கத்தில் கை கொடுத்து எழுப்பிக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன். அதுவரை மேடத்தைக் குளிப்பாட்டுவது சாரின் வேலையாக இருந்தது. நான் தொட்டது கிடையாது. வெந்நீரை மக்கில் எடுத்துக் கால்களிலிருந்து மெதுவாக ஊற்றினேன். முதலில் நடுங்கினார். பிறகு தண்ணீர் சுகமாக இருந்ததோ என்னவோ, என் தோளில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். விரலிடுக்கில் அழுக்கு, நீண்டு வளைந்த நகம். கண் தெரியாத சாரால் எப்படி வெட்ட முடியும்? குளிப்பாட்டித் துடைத்து, வேறு நைட்டி மாட்டி, உள்ளங்கைகளில் தேங்காய் எண்ணெய் தடவி, நகத்தை வெட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க ஃபோனை நான் பார்க்கவேயில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று மணிக்குச் சார் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். நண்பர் போகும்வரை காத்திருந்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இண்டர்வியூ, தாழ்ப்பாள், நாற்பது நிமிஷம், கை வீங்கியது. சொல்லி முடித்துச் சாவியை மேஜையில் வைத்தேன். இனி என்னைக் கூப்பிட மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

சார் மேடத்தின் கையை எடுத்து, தெரிகிற கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"போன ஓணத்துக்கு முன்னாடி ஒரு நாள், நான் இவளோட கையைக் கட்டில்கால்ல கட்டினேன்" என்றார். "துண்டுதான். எனக்கு உறங்கணும். வேற ஒண்ணும் இல்ல, உறங்கணும். முழிச்சுப் பாத்தா ரெண்டு மணிக்கூர் ஆயாச்சு. இவ கட்டை அவிழ்க்கக்கூடப் பாக்கல்ல. அப்படியே உக்காந்து இருக்கா. மகள்ட்டகூட நான் இதைச் சொன்னது இல்ல."

மேடத்தின் கையைத் திரும்ப மடியில் வைத்தார்.

"நாம ரெண்டு பேரும் இதுக்குள்ளதான் இருக்கோம் மோளே. யாரு யாரைக் குத்தம் சொல்ல?" சாவியை என் பக்கம் தள்ளினார். "சனிக்கிழமை மருந்து விட வரச் சொல்லியிருக்கு. நீ வருவியா?"

வருகிறேன் என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் பழவங்காடிக்குப் போய்த் தேங்காய் வாங்கினேன். கையை ஓங்கியபோது கம்பெனியின் பேர் வாயில் வந்தது, ஆனால் சொல்லத் தோன்றவில்லை. மேடத்தின் உள்ளங்கைகள் கண்ணுக்கு முன்னால் நின்றன. கேட்பதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. தேங்காயை எறிந்துவிட்டுப் பக்கத்தில் தள்ளி நின்றேன். பின்னால் வந்தவர்கள் உடைத்துக்கொண்டே இருந்தார்கள். மாலை போட்ட ஒரு ஆள், கைக்குழந்தையோடு ஒரு பெண், சந்தைக் கடைகளில் சுமைதூக்குகிறவர் ஒருவர், தலையில் துண்டோடு. ஒவ்வொருவரும் எதையோ முணுமுணுத்துவிட்டு எறிந்தார்கள். இத்தனை மாதமாக இந்த வரிசையில் நின்றிருக்கிறேன், முன்னால் நிற்கிறவருக்கு என்ன கஷ்டம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. எல்லாருக்கும் அவரவர் கஷ்டம் தீர வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். இதைப் பெரிய ஞானம் என்று சொல்ல மாட்டேன். நெஞ்சில் கட்டியிருந்தது கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான்.

பத்து நாளில் கம்பெனியிலிருந்து மூன்று வரி மெயில் வந்தது. வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். அந்தக் கதவைப் பூட்டியது இதற்காகத்தானா என்ற நினைப்புத்தான் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலை ஒன்பதரைக்கு நான் எதிர்வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். யாரும் கூப்பிடவில்லை. மேடத்தைக் குளிப்பாட்டுவேன், தலை பின்னுவேன், இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வாயில் வைப்பேன். துப்புவார். மறுபடி வைப்பேன். பதினொரு மணிக்கு அவர் கிரில்லைப் பிடித்துக்கொண்டால் நானும் போய்ப் பக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வேன். இது உங்கள் வீடு என்று வாதாடுவதை விட்டுவிட்டேன். "எனக்கும் போகணும் மேடம்" என்பேன். அது நிஜம்தான். இருவரும் கம்பிக்கு வெளியே லிஃப்டைப் பார்த்தபடி நிற்போம். கொஞ்ச நேரத்தில் அவருடைய கை தளரும். என்னைப் பார்த்து, பாவம் இவளும் மாட்டிக்கொண்டாள் என்கிற மாதிரி முதுகில் தட்டிக்கொடுப்பார்.

எல்லா நாளும் அப்படி இருந்ததில்லை. ஒரு நாள் என் கன்னத்தில் அறைந்தார், கம்மல் தெறித்து விழுந்தது. சில நாள் காலையில் அந்த வாசலைக் கடக்கவே கால் வராது. வீட்டுக்கு வந்தால் விண்ணப்பமும் காத்திருப்பும் அப்படியே இருக்கும். எதுவும் மாறவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் எதற்காக எழுந்தோம் என்ற கேள்வி வருவது நின்றுபோனது.

சாருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இளைஞராக இருந்த காலத்திலிருந்தே சிவப்புக்கொடிக் கட்சிக்காரர். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்த என் நெற்றிச் சந்தனத்தைப் பார்த்துவிட்டு, "அம்பலத்துல நீ இவளுக்காகவும் ஏதாவது சொல்லுவியா?" என்று கேட்டார்.

"சொல்லுவேன் சார்."

"நான் நம்பல்ல" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பின்னே, சொல்லு" என்றார்.

என் கணவருக்குத்தான் இது பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிப்படையாகவே கேட்டார். "நீ அங்க ஹோம்நர்ஸா? எம்.எஸ்ஸி. படிச்சுட்டு அடுத்த வீட்டுல போய் மூத்திரம் துடைக்கிறே. ஆளுங்க என்ன சொல்றாங்க தெரியுமா?"

"என்ன சொல்றாங்க?"

"வேலை போன பொறவு உனக்கு மனசு சரியில்லன்னு."

"சரியில்லதான்" என்றேன். "நீங்க காலையில போயிடுறீங்க. கதவைச் சாத்தின பொறவு இந்த வீட்டுக்குள்ள நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாது. ஒரு நாளாவது நீங்க கேட்டது உண்டா? அங்க போயிட்டு வந்தாத்தான் இங்க என்னால இருக்க முடியுது."

அவர் அடுத்த வாரம் ஆபீஸிலிருந்து வந்ததும் நேராக எதிர்வீட்டுக்குப் போய்ச் சாரோடு டீ குடித்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

வேலை போய்ப் பதினாலு மாதம் கழித்து எனக்கு மறுபடி வேலை கிடைத்தது. முந்தையதைவிடச் சின்ன வேலை. நோயாளிகளுக்குக் கொடுக்கும் குறிப்புகளை மலையாளத்திலிருந்து தமிழில் எழுதித் தர வேண்டும், பெரும்பாலும் வீட்டிலிருந்தே. காலை பதினொன்றுக்கு ஆரம்பிக்கிறேன் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். முன்பானால் அப்படிக் கேட்கும் தைரியம் எனக்கு வந்திருக்காது.

சேருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மேடத்தை ஒருமுறையாவது வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று சார் சொன்னார். கிரில் போட்ட பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் எங்குமே போனதில்லை. சாரின் பழைய கார் கீழே தூசி மூடிக் கிடந்தது. என் கணவர் இரண்டு நாள் மெனக்கெட்டுப் பேட்டரி மாற்றி அதைக் கிளப்பிவிட்டார். "நான் வரல்ல, நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க" என்றார். நான் ஓட்டினேன். நெடுமங்காடு தாண்டி, விதுரை தாண்டி, கல்லாறு. வழி முழுக்க மேடம் ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்தபடி வந்தார். சார் பின் சீட்டில் அவருடைய மற்றக் கையைப் பிடித்திருந்தார்.

கல்லாற்றில் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. குடும்பம் குடும்பமாக ஆட்கள் இறங்கி நின்றார்கள். குழந்தைகள் கத்திக்கொண்டு நீரில் உருண்டார்கள். நான் போய் மேடத்தின் பக்கக் கதவைத் திறந்தேன். அவர் உள்ளேயிருந்து கைப்பிடியைப் பற்றி இழுத்துச் சாத்திக்கொண்டார். மறுபடி திறந்தேன். மறுபடி சாத்தினார்.

"எறங்கு, எத்தனை நல்ல வெள்ளம், பாரு" என்று ஆற்றுத் தண்ணீரைக் காட்டிக் கெஞ்சினார் சார். மேடம் அசையவில்லை. சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"இத்தனை தூரம் வந்தாச்சு" என்று சார் என்னைப் பார்த்தார். அவருக்கு ஏமாற்றம். எனக்கும்தான். நாள் தவறாமல் கிரில்லைப் பிடித்து ஆட்டியவருக்குக் கதவைத் திறந்துகொடுத்தால், வேண்டாம் என்கிறார்.

மழை தூற ஆரம்பித்தது. ஆற்றில் நின்றவர்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு கடைகளுக்கு ஓடினார்கள். நான் ஓடிப்போய்ப் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் டீயும் வாங்கிக்கொண்டு வண்டிக்குள் வந்து கதவைச் சாத்தினேன். கண்ணாடிகளில் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. சார் டீயை ஊதி ஆற்றி மேடத்தின் வாயருகில் பிடித்தார். மேடம் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, தன் பழம்பொரியில் பாதியைப் பிய்த்து என் பக்கம் நீட்டினார். எண்ணெய் வழிந்த கையோடு வாங்கிக்கொண்டேன்.

"போலாமா?" என்று கொஞ்ச நேரம் கழித்துச் சார் கேட்டார்.

"மழை விடட்டும் சார்" என்றேன். உண்மையில் மழை அப்படி ஒன்றும் பலமாக இல்லை, ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். எனக்குத்தான் எங்கேயும் போகத் தோன்றவில்லை.